வெள்ளித் தகட்டில் ஒரு கத்தரிக்காய்: புடைப்புச் சிற்பம் செய்ய முழுமையான வழிகாட்டி

தட்டையான வெள்ளித் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி, முன்பக்கமிருந்து திருத்தி உருவம் எடுக்கும் வேலைக்கான குறிப்பு இது. கோயில் கவசங்களும் தஞ்சாவூர்த் தட்டின் எழும்பிய உருவங்களும் இந்தக் குடும்பம்தான். நாம் செய்யப்போவது சிறியது. உள்ளங்கை அளவில் ஒரு கத்தரிக்காய், காம்போடும் குல்லாயோடும்.

ஏன் கத்தரிக்காய்? கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே பிள்ளையார் முகம் வேண்டும் என்பார்கள். முகத்தில் கண் அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் எல்லாருக்கும் தெரியும். கத்தரிக்காய் கொஞ்சம் கோணினால் அது வேறொரு கத்தரிக்காய், அவ்வளவுதான். ஆனால் பெரிய மேடு, கூர்மையான ஓரம், ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு என்று இந்த வேலையில் தெரிய வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தியல் பிடிக்கத் தெரியாததால் கெட்ட தகடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. தகட்டுக்கு அடியில் தாங்கலாக இருக்கும் அரக்கு ஆறாமல் அடித்தது, தகட்டைக் காய்ச்ச (சூடாக்கி இளக வைக்க) வேண்டிய நேரத்தில் காய்ச்சாமல் விட்டது, இந்த இரண்டால் கெட்டவைதான் அதிகம். அதனால் கீழே அடிப்பதைவிட அடிப்பதற்கு முந்திய வேலைகளுக்கே நிறைய இடம் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் தகடு செம்பாக இருக்கட்டும்

அதே அளவு, அதே கனத்தில் ஒரு செம்புத் தகடு வாங்கி முழு வேலையையும் ஒரு தடவை செய்து பாருங்கள். செம்பு வெள்ளியைவிடச் சற்று முரண்டு பிடிக்கும். மற்றபடி நடத்தை ஏறத்தாழ ஒன்றுதான். செம்பில் ஓட்டை விழுந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

பித்தளையில் பழகாதீர்கள். அது சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெடிக்கும். அதில் பழகிய கை வெள்ளியில் தேவைக்கு மேல் பலமாக அடிக்கும்.

2. வரைபடம்: உயரத்தை எண்ணாக எழுதுங்கள்

10 செ.மீ. சதுரத் தகட்டின் நடுவில் 6 செ.மீ. நீளத்துக்குக் காய். சுற்றிலும் குறைந்தது 2 செ.மீ. சும்மா விட வேண்டும். மேடு எழும்பும்போது சுற்றியுள்ள உலோகமும் கொஞ்சம் இழுபடும். அரக்கு பிடித்துக்கொள்ளவும் அந்த ஓரம் வேண்டும். வெள்ளி வீணாகிறதே என்று ஓரத்தைக் குறைத்தவர்களின் தகடு பாதி வேலையில் அரக்கை விட்டுக் கழன்று வரும்.

படத்தில் நிழல் போடாதீர்கள், எண் போடுங்கள். காயின் வயிறு 12 மி.மீ., தோள் 8, குல்லாயின் இதழ்கள் 9, காம்பு 6, பின்னணி 0. இப்படி எழுதும்போதுதான் குல்லாய் காயின் தோளைவிட உயரமாக நிற்க வேண்டும் என்பது கண்ணில் படும். எழுதாமல் தொடங்கினால் இதழ்கள் காயோடு ஒட்டிய வெறும் கோடுகளாகிவிடும்.

உள்பக்கம் மடங்கும் ஓரங்களை முதல் வேலையில் தவிர்த்துவிடுங்கள். காயின் பக்கச் சுவர் சரிவாக இறங்கினால் போதும். செங்குத்துச் சுவரில் தகடு மெலிந்து கிழியும்.

3. தகடு வாங்குவது

999 வெள்ளி, அதாவது 99.9 சதவீதம் தூய வெள்ளி கேளுங்கள். 925-இல் மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. அதனால் அது கெட்டியாக இருக்கும், மோதிரத்துக்கும் வளையலுக்கும் நல்லது. ஆனால் நாம் ஐந்தாறு தடவையாவது தீயில் காட்டப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் அந்தச் செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தோலுக்கு அடியில் சாம்பல் கலந்த ஊதாக் கறையாகப் படியும். மேலோட்டமாகத் துலக்கினால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நுணுக்கமான புடைப்பில் எதைச் சுரண்டுவது? 999-இல் இந்தத் தொல்லையே கிடையாது.

கனம் 0.6 மி.மீ. கடையில் கேஜ் எண் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஆங்கிலேய அளவுமுறைதான், அதில் 22 கேஜ் என்பது 0.71 மி.மீ. அமெரிக்கக் காணொளிகளில் அதே 22 கேஜ் 0.64 மி.மீ. 'அதே கேஜ்தானே வாங்கினேன், ஏன் இவ்வளவு முரடாக இருக்கிறது' என்று கேட்டவர்கள் உண்டு. வெர்னியரைக் கையோடு கொண்டுபோய்த் தகட்டின் நாலு மூலையிலும் அளந்து பாருங்கள்.

எடைக் கணக்கு எளிது. 10 × 10 × 0.06 செ.மீ. என்றால் 6 கன செ.மீ. வெள்ளியின் அடர்த்தி 10.49. ஆக, கிட்டத்தட்ட 63 கிராம். கடைக்காரர் 75 கிராம் என்றால் தகடு கனமாக இருக்கிறது என்று அளக்காமலே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் எடையை எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

4. அரக்குச் சட்டி

பட்டறையில் இதை அரக்கு என்றே சொல்கிறோம். உள்ளே இருப்பது குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும். அடிக்கும்போது தகட்டுக்கு அடியில் இதுதான் கிடக்கும். அடித்த இடத்தில் மட்டும் இறங்கிக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் அசையாமல் தாங்க வேண்டும். கல்லில் வைத்து அடித்தால் தகடு நசுங்கும். மணலில் வைத்தால் மொத்தமாக வளையும்.

என் கணக்கு: குங்கிலியம் 1 கிலோ, சலித்த செங்கல் தூள் 1¼ கிலோ, கடலை எண்ணெய் 100 மில்லி. தூளை வெறும் சட்டியில் வறுத்து ஈரம் போக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு போட்டால் குங்கிலியம் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழியும். வழிந்தால் தீப்பிடிக்கும். சிறு தீ, திறந்த வெளி, பக்கத்தில் ஒரு மூடி. தண்ணீர் வாளி வேண்டாம், எரியும் குங்கிலியத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடித்தான் அணைக்க வேண்டும். குங்கிலியம் உருகியதும் எண்ணெய், அப்புறம் கைப்பிடி கைப்பிடியாகத் தூள்.

பதம் பார்க்க, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு எடுத்து நகத்தால் அழுத்துங்கள். நகத் தடம் மெல்லிசாக விழ வேண்டும். உடைந்து தெறித்தால் எண்ணெய் கொஞ்சம் கூட்டுங்கள். நகம் புதைந்தால் தூள் கூட்டுங்கள். சித்திரையில் செய்த அரக்கு மார்கழியில் கல்லாகிவிடும். இது குறை இல்லை, அதன் சுபாவம். பருவத்துக்கு ஏற்றபடி மறுபடி உருக்கிச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

பாத்திரத்துக்கு 20 செ.மீ. அகலமுள்ள, அடி உருண்ட இரும்புச் சட்டி போதும். அடிப் பாதியை சிமெண்டால் நிரப்பி ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, மேல் பாதியில் அரக்கை ஊற்றுங்கள். அரக்கு மிச்சம், சட்டிக்கும் எடை கூடும். எடை இல்லாத சட்டி அடிக்கு அடி துள்ளும், உங்கள் பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். சட்டியை ஒரு சும்மாட்டின் மேல் வையுங்கள். பழைய வேட்டியைச் சுருட்டிச் செய்தது போதும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கலாம், சுற்றலாம். உளியைத் திருப்பிக்கொண்டு கை வலிக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். திருப்ப வேண்டியது சட்டியை.

5. உளிகளும் சுத்தியலும்

ஊருக்கு ஊர் பெயர் மாறும், அதனால் முனையை வைத்தே சொல்கிறேன். முதல் வேலைக்கு ஆறு உளி போதும். கோடு போட மழுங்கிய கத்தி போன்ற முனையுள்ளவை இரண்டு (ஒன்று நேர், ஒன்று லேசாக வளைந்தது). மேடு எழுப்ப உருண்டை முனையுள்ளவை இரண்டு, பெரிதும் சிறிதுமாக. பரப்பைச் சமப்படுத்தத் தட்டை முனையும் தலையணை போல லேசாக உப்பிய முனையும் ஒவ்வொன்று. நீளம் 11 செ.மீ. அளவில் இருந்தால் விரல்கள் அடங்கும்.

கோட்டு உளியின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தைக் கீறினால் அது இன்னும் கூர், வெள்ளியை வெட்டிவிடும். நமக்கு வெட்டு வேண்டாம், மடிப்புதான் வேண்டும். எல்லா முனைகளையும் கண்ணாடி போல மெருகேற்றுங்கள். உளியில் இருக்கும் கீறல் ஒவ்வொரு அடியிலும் வெள்ளியில் அச்சாகும். உளியை ஒரு தடவை தேய்ப்பது சுலபம், வெள்ளியை நூறு இடத்தில் தேய்ப்பது சுலபமில்லை.

சுத்தியல் 100 முதல் 150 கிராம், அகலமான முகம், மெல்லிய கைப்பிடி. தச்சர் சுத்தியல் வேண்டாம். இந்த வேலையில் மணிக்கட்டுதான் அசையும், நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் விழும். கனமான சுத்தியல் அரை மணியில் கையைக் கொன்றுவிடும். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. இவை இல்லாமல் உட்காராதீர்கள்.

6. காய்ச்சுவது

அடிக்க அடிக்க உலோகம் இறுகும். சூடாக்கினால் மறுபடி இளகும். இளக வைப்பதைத்தான் காய்ச்சுவது என்கிறேன். கடையிலிருந்து வரும் தகடு உருளையில் அழுந்தி இறுகித்தான் வரும், ஆகவே முதல் உளி படுவதற்கு முன்பே ஒரு தடவை காய்ச்ச வேண்டும்.

தீச்செங்கல்லின் மேல் தகட்டை வைத்து, மேலே மார்க்கர் பேனாவால் நாலைந்து கோடு போடுங்கள். அறையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். எரிவாயு டார்ச்சின் அகலமான, மெத்தென்ற சுடரால் தகடு முழுவதையும் வட்டமாகத் தடவிக்கொண்டே இருங்கள். உலோகங்களிலேயே வெப்பத்தை அதிகம் கடத்துவது வெள்ளிதான். ஒரு மூலையில் நீங்கள் கொடுக்கும் சூட்டை மற்ற மூன்று மூலையும் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 'சூடாகவே மாட்டேன் என்கிறது' என்று தோன்றும். பொறுமை இழந்து சுடரைக் கூர்மையாக்கி ஒரே இடத்தில் காட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மொத்தத் தகடும் சூடேறியபின் அந்த இடம் சட்டென்று உருகும். தூய வெள்ளி உருகுவது 962 டிகிரியில். ஓரங்கள் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக அந்த இடத்துக்குப் போய்விடும்.

மார்க்கர் கோடுகள் மறைந்தால் போதும், சுடரை எடுத்துவிடலாம். 999 செந்நிறம் காட்டும் முன்பே இளகிவிடும். 925 வைத்திருப்பவர்கள் மங்கலான இளஞ்சிவப்பு வரை, அதாவது 600 முதல் 650 டிகிரி வரை போக வேண்டும். அதற்கு மேல் சூடாக்கினால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிடும். அப்புறம் தட்டும்போது பரப்பு கமலாப்பழத் தோல் போலச் சொரசொரக்கும். அதைச் சரிசெய்ய வழி இல்லை.

ஆறிய தகட்டின் மூலையைக் கையால் வளைத்துப் பாருங்கள். தோல் போல மடங்க வேண்டும். ஒரு தடவை அந்த மென்மை விரலுக்குப் பழகிவிட்டால், பிறகு எப்போது காய்ச்ச வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மேசையில் எங்காவது ஈயக் கட்டி இருந்தால் தூர வையுங்கள். ஈயம் ஒட்டிய வெள்ளியைச் சூடாக்கினால் இரண்டும் கலந்து 304 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். தகட்டில் பூச்சி அரித்த மாதிரி துளைகள் விழும். நான் இரவல் வாங்கிய ஒரு மேசையில் இப்படி ஒரு தகட்டை இழந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவு ஈயத் தூள்தான் இருந்திருக்கும்.

7. தகட்டை அரக்கில் பதிப்பது

நாலு மூலைகளையும் குறட்டால் 5 மி.மீ. அளவுக்குக் கீழ்நோக்கி மடியுங்கள். அவை அரக்குக்குள் புதைந்து நகம் போலப் பிடித்துக்கொள்ளும். தகட்டின் பின்பக்கம் எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு, பிறகு கழற்றச் சுலபம்.

அரக்கின் மேற்பரப்பை மட்டும் சுடரால் இளக்கி, தகட்டின் ஒரு ஓரத்தை முதலில் வைத்து, பாய் விரிப்பது போல மறு ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள். அப்படியே தொப்பென்று வைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று இருக்கும் இடத்தில் தகட்டுக்கு அடியில் தாங்கல் இல்லை, அங்கே விழும் முதல் கோடே குழியாகிவிடும்.

முழுக்க ஆறிய பின் உளியின் பின்புறத்தால் தகடு முழுவதும் மெல்லத் தட்டுங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று வரும், காற்றுள்ள இடத்தில் 'டொப்' என்று கேட்கும். பொந்து சத்தம் கேட்டால் கழற்றி மறுபடி பதியுங்கள். பரவாயில்லை என்று விடாதீர்கள்.

8. முன்பக்கத்தில் கோடு

படத்தைக் கார்பன் தாளால் தகட்டில் ஏற்றி, கூர்முனை ஊசியால் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கை வியர்வையில் பாதி அழியும்.

கோட்டு உளியைச் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள். உளியின் தலை, போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது முனையின் முன்பகுதி சற்றுத் தூக்கி நிற்கும், ஒவ்வொரு அடிக்கும் உளி தானாக அரை மி.மீ. நகரும். மோதிர விரலும் சுண்டு விரலும் தகட்டில் ஊன்றியிருக்கட்டும். உளியைத் தூக்கித் தூக்கி வைத்தால் கோடு தையல் போலப் புள்ளிப் புள்ளியாக வரும். தொடர்ந்து மெல்ல அடித்துக்கொண்டே போனால் மையில் வரைந்த மாதிரி ஓடும். எழுதுவது போல உங்களை நோக்கி இழுத்து வருவது பலருக்கு எளிது.

முதலில் காயின் வெளிக்கோடு, அப்புறம் குல்லாயின் ஓரம், கடைசியாகக் காம்பு. நரம்பு, சுருக்கம் எதையும் இப்போது போடாதீர்கள். போட்டாலும் பின்பக்கமிருந்து புடைக்கும்போது அழிந்துவிடும்.

9. கழற்றித் திருப்புவது

தகட்டின் மேல் சுடரை லேசாகக் காட்டினால் அரக்கு பிடி விடும். மூலையைக் குறட்டால் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். ஒட்டியிருக்கும் அரக்கைச் சூடு இருக்கும்போதே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். அருகில் டார்ச் எரியக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பிறகு சோப்பு நீர்.

மிச்ச அரக்கைக் காய்ச்சும்போது எரித்துவிடலாம் என்று சிலர் விடுவார்கள். எரிந்தபின் கரியும் செங்கல் தூளும் தகட்டில் மேலோடாக ஒட்டும், அடுத்த அடியில் வெள்ளிக்குள் பதியும்.

சுத்தம், காய்ச்சல், மறுபடி மூலை மடிப்பு (இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக), மறுபடி அரக்கு. அதாவது இப்போது பின்பக்கம் உங்களைப் பார்க்கும்.

10. பின்பக்கமிருந்து புடைப்பது

இந்தக் கட்டத்துக்கு அரக்கு கொஞ்சம் இளக்கமாக இருப்பது நல்லது. கைப்பட்டால் மிதமான வெதுவெதுப்பு.

பெரிய உருண்டை உளியால், வெளிக்கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே தொடங்கி, காயைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். அடிகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி படிய வேண்டும். வயிறு 12 மி.மீ. வர வேண்டுமே என்று நேராக நடுவில் போட்டு அடிப்பவர்கள் உண்டு. அப்போது நடு மட்டும் ஊதிய பலூன் மாதிரி மெலியும், சுற்றுப்புறம் அப்படியே இருக்கும். சுற்றி வந்தால் அகன்ற பரப்பு முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

முதல் சுற்றில் 4 மி.மீ. போதும். பிறகு கழற்றி, துடைத்து, காய்ச்சி, பதித்து, இரண்டாம் சுற்றில் 8. மூன்றாவதில் 12. உளி அடித்தால் இறங்காமல் துள்ளுகிறது, சத்தம் மெல்ல உச்சஸ்தாயிக்குப் போகிறது என்றால் உலோகம் இறுகிவிட்டது. 'இன்னும் பத்து அடிதானே' என்று தோன்றும். விரிசல் விழுவது அந்தப் பத்து அடியில்தான்.

குல்லாயைத் தனியாக எழுப்ப வேண்டாம். தோளும் குல்லாயும் சேர்ந்த பகுதி முழுவதையும் ஒரே மேடாக 9 மி.மீ.க்கு எழுப்புங்கள். இதழ்கள் எப்படி உயரும் என்பது அடுத்த கட்டத்தில் வருகிறது.

11. குழியை நிரப்பி முன்பக்கம் திரும்புவது

இப்போது தகடு ஒரு கிண்ணம் போல இருக்கும். அப்படியே கவிழ்த்து அரக்கில் வைத்தால் உள்ளே வெறும் காற்று. தகட்டை மல்லாக்கப் பிடித்து, உருகிய அரக்கைக் குழிக்குள் ஊற்றி விளிம்பு வரை நிரப்பி, அது பாதி ஆறியதும் கவிழ்த்துச் சட்டியில் பதியுங்கள்.

அதன்பின் காத்திருங்கள். இரண்டு மணி நேரமாவது. நான் கெடுத்த முதல் நல்ல தகடு இந்த இடத்தில்தான் கெட்டது. மேலே தொட்டால் சில்லென்று இருந்தது. குல்லாயின் ஓரத்தை ஒரு அடி அடித்தேன், காயின் வயிறு மொத்தமும் மெத்தை மாதிரி உள்ளே போயிற்று. வெள்ளி சூட்டைச் சட்டென்று விட்டுவிடும். அதற்கு அடியில் மூன்று செ.மீ. கனத்துக்கு அரக்கு இன்னும் பாகாக இருந்திருக்கிறது. தகட்டின் குளிர்ச்சியை நம்பாதீர்கள். ஓரத்தில் தெரியும் அரக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள், அதுவும் இரண்டு மணி நேரம் கழித்து.

ஆறியபின் செய்யும் வேலைதான் இந்தக் கலையின் சாரம் என்பேன். இதழ்களைத் தொடாதீர்கள். இதழின் ஓரத்தை ஒட்டி, வெளிப்பக்கம், காயின் தோளைத் தட்டை உளியால் கீழே இறக்குங்கள். தோள் 9-இலிருந்து 8-க்கு இறங்கும்போது இதழ் தானாக மேலே நிற்கும். ஒன்றை உயர்த்திக் காட்ட அதன் பக்கத்தைத் தாழ்த்த வேண்டும். இதழ் ஓரத்தில் ஒரு மி.மீ. படி விழுந்தாலே போதும், நிழல் விழுந்து, குல்லாய் காயின் மேல் உட்கார்ந்த மாதிரி தெரியும்.

வெளிக்கோடும் இப்போது மங்கியிருக்கும். கோட்டு உளியால் மறுபடி ஒரு சுற்று. பின்னணி அலையலையாக எழும்பியிருந்தால் தட்டை உளியால் அமர்த்துங்கள்.

இந்த முன் பின் மாற்றம் இரண்டு மூன்று தடவை நடக்கும். நடுநடுவே காயின் வயிற்றைப் பெருவிரலால் மெல்ல அழுத்துங்கள். தகர டப்பா மூடி போல 'டிக்' என்று உள்ளே போய் வெளியே வந்தால் அங்கே தகடு ரொம்ப மெலிந்துவிட்டது. அந்த இடத்தில் இனி மேடு ஏற்ற வேண்டாம், இருக்கும் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

12. விரிசல் விழுந்தால்

முடி போல ஒரு கோடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அரக்கை முழுக்க நீக்கி, பின்பக்கத்தைப் பளபளக்கச் சுரண்டி, விரிசலைவிடச் சற்றுப் பெரிய துண்டை அதே தகட்டின் ஓரத்திலிருந்து வெட்டி, வெண்காரம் தடவி, கெட்டி ரக வெள்ளிப் பொடி (பற்றவைக்கும் கலவை) வைத்து ஊத, அதாவது சுடரால் பற்றவைக்க வேண்டும். எளிதில் உருகும் ரகத்தைப் போடாதீர்கள். அடுத்து காய்ச்சும்போது அது மறுபடி இளகி நகரலாம். கெட்டி ரகம் உருகவே 745 டிகிரி ஆகும், காய்ச்சும் சூடு அதைத் தொடாது.

ஊதியபின் கண்ணாடியாக நிற்கும் வெண்காரத்தைக் கரைக்க, ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). மளிகைக் கடையிலேயே கிடைக்கும். சூடான தகட்டை அதற்குள் நேராகப் போடாதீர்கள், தெறிக்கும். இரும்புக் குறட்டாலும் எடுக்காதீர்கள். செம்பில் பழகியபோது இதே கரைசலைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் செம்பு கரைந்திருக்கும். இரும்பு உள்ளே போனதும் அந்தச் செம்பு வெளியேறி உங்கள் வெள்ளியின் மேல் ரோஜா நிறத்தில் படியும். மரக் கிடுக்கியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும்.

13. கடைசிச் சுற்று, இனி தீ இல்லை

உருவம் சரியாக வந்தபின் ஒரு தடவை காய்ச்சி, நிரப்பி, பதித்து, ஆறவிட்டு முடிக்கும் வேலையைத் தொடங்குங்கள். உப்பிய முனை உளியால் காயின் வயிறு முழுவதும் மிக லேசான அடிகள். மேடுபள்ளம் சமமாகும். கூடவே பரப்பு இறுகும். தூய வெள்ளி மிகவும் மென்மையானது, இந்தக் கடைசி அடிகள் கொடுக்கும் இறுக்கம்தான் அதற்கு உடல் வலு. இதற்குப் பிறகு காய்ச்சும் அளவுக்குச் சூடாக்கினால் அந்த வலு போய்விடும். ஆகவே ஊத வேண்டியது எதுவாக இருந்தாலும் இதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

காயை மழமழவென்று விடுங்கள். குல்லாயில் மட்டும் நரம்புக் கோடுகள், காம்பில் குத்துக் குத்தாக முள் தடங்கள். பின்னணியை ஒரு சிறு உருண்டை உளியால் நெருக்கமாகப் புள்ளியிட்டு மங்கலாக்கலாம். எல்லா இடத்திலும் வேலைப்பாடு செய்தால் கண் எங்கும் நிற்காது. ஆர்வத்தில் காயின் மேலேயே பூவேலை போட்டு வந்தவர் ஒருவர் உண்டு. நன்றாக உழைத்திருந்தார், ஆனால் அது கத்தரிக்காயா கலசமா என்று கேட்க வேண்டியிருந்தது.

14. கருமையும் மெருகும்

அரக்கை நீக்கி, பூந்திக்கொட்டை நீரும் பித்தளைக் கம்பித் தூரிகையும் கொண்டு தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கருமை திட்டுத் திட்டாக ஏறும்.

கருமைக்குக் கந்தகம் வேண்டும். ரசாயனக் கடையில் பொட்டாசியம் சல்பைடு கிடைக்கும். அதை அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வரும், எனவே எலுமிச்சை உப்புக் கரைசல் துளி கூடத் தகட்டில் மிச்சம் இருக்கக் கூடாது. எனக்கு முட்டை வழியே பிடிக்கும். சூடாக அவித்த முட்டையை மஞ்சள் கருவோடு நசுக்கி, மூடியுள்ள டப்பாவில் தகட்டோடு வையுங்கள். முட்டை தகட்டில் படக் கூடாது. சில மணி நேரத்தில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கருநீலம். வேண்டிய இடத்தில் எடுத்துவிடலாம்.

பிறகு மேடுகளிலிருந்து மட்டும் கருமையை எடுக்க வேண்டும். துணியை விரலில் சுற்றாமல் தட்டையான மரத்துண்டில் சுற்றித் திருநீறு தொட்டுத் தேயுங்கள். விரல் பள்ளத்துக்குள்ளும் போகும், மரத்துண்டு மேட்டை மட்டும் தொடும். கடைசியாக அகேட் கல் முனையால் காயின் வயிற்றில் ஒரு கீற்று அழுத்தித் தேய்த்தால் அங்கே ஒளி நிற்கும்.

15. வெட்டி, நிரப்பி, பொருத்துவது

மூலை மடிப்புகளை வெட்டி எடுத்து ஓரத்தை அரத்தால் சீராக்குங்கள். தகட்டின் பின்பக்கக் குழியை மறுபடி அரக்கால் நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் காயைத் தொட்டுப் பார்ப்பார், அமுங்கும். தொடாமல் இருக்கவே மாட்டார்கள். நிரப்பும்போது அரக்கு ஊற்றும் பதத்துக்கு வந்தால் போதும், புகைய விடாதீர்கள்.

பலகையில் பசை போட்டு ஒட்டாதீர்கள். நாளைக்குப் பழுது பார்க்கக் கழற்ற முடியாது. ஓரத்தில் நாலு துளை, நாலு சிறு பித்தளைத் திருகு.

16. வைத்திருப்பது

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் கோடு கோடாகக் கருக்கும். கம்பளித் துணியும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை நல்லது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்கி எடுக்கும் வீட்டு வைத்தியம் தட்டு டம்ளருக்குச் சரி. இதில் செய்தால் நீங்கள் பார்த்துப் பார்த்து ஏற்றிய கருமையும் சேர்ந்து போய்விடும். வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள், பண்டிகைக்கு முதல் நாள் யாராவது கண்டிப்பாக எடுத்துக் கழுவுவார்கள்.

வெட்டிய மூலைகள், அரத்தூள், சுரண்டல் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேருங்கள். செம்புத் தூளோடு கலக்க வேண்டாம், கலந்தால் விலை குறையும். அரக்கு நிரப்பும் முன் தகட்டை எடை போட்டு, டப்பாவின் எடையையும் கூட்டி, முதல் நாள் எழுதி வைத்த 63 கிராமோடு ஒப்பிடுங்கள். புடைப்பு வேலையில் சேதாரம் மிகக் குறைவு, அரை கிராமுக்கு மேல் காணவில்லை என்றால் மேசைக்கு அடியில் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.